சாவா மருந்து

'மருந்து' என்ற சொல்லை வைத்து மூன்று வாக்கியங்கள் சொல்கிறேன். அகராதியைப் புரட்டாமல் அர்த்தம் சொல்லுங்கள்.

'தாத்தா, மருந்து குடிச்சீங்களா?'

'பாவம், கடன் தொல்லை தாங்காம மருந்து குடிச்சுட்டாரு.'

'நல்லாத்தான் இருந்தான். யாரோ மருந்து வெச்சுட்டாங்க.'

முதல் மருந்து உயிரைக் காப்பாற்றும். இரண்டாவது உயிரை எடுக்கும். மூன்றாவது உயிரை விட்டுவிட்டுப் புத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே சொல்தான். தமிழ் தெரிந்த எவரும் இதில் குழம்புவதில்லை. சொன்னவரின் முகத்தைப் பார்த்தே எந்த மருந்து என்று புரிந்துகொள்கிறோம்.

இது தமிழுக்கு மட்டுமே வந்த வியாதி இல்லை. ஆங்கிலத்தில் மந்திர பானத்துக்கு 'போஷன்' என்பார்கள். விஷத்துக்கு 'பாய்ஸன்'. இரண்டும் ஒரே லத்தீன் தாய் வயிற்றில் பிறந்தவை. 'குடிப்பது' என்பதுதான் தாயின் அர்த்தம். ஒன்று மந்திரவாதி வீட்டுக்குப் போயிற்று, இன்னொன்று கொலைகாரன் வீட்டுக்கு. கிரேக்கத்தில் 'ஃபார்மகான்' என்றால் மருந்து, விஷம், வசியம் மூன்றும்தான். நம்ம ஊர் 'ஃபார்மஸி' போர்டுக்குப் பின்னால் அந்த மூன்றும் நிற்கின்றன.

மாய பானங்களுக்கு மனிதன் வைத்த பெயர்களெல்லாம் இப்படி இரண்டு முகம் கொண்டவை. குடிக்கிறவரை எந்த முகம் என்று தெரியாது. தமிழ் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டது என்று பார்க்க ஒரு நல்ல இடம் உண்டு: ஜவ்வாது மலை.

ஜவ்வாது மலை என்றதும் சிலருக்கு ஜமுனாமரத்தூர் ஞாபகம் வரும். சிலருக்குச் சாமை, தேன், பலா. வானத்தைப் பார்க்கிறவர்களுக்குக் காவலூர் தொலைநோக்கி. வேலூர்க்காரர்களுக்கு அமிர்தி: காடு, அருவி, சின்னதாக ஒரு மிருகக்காட்சி சாலை. பெயரைக் கேட்டதும் பாற்கடலும் தேவர்களும் மனசில் வந்துவிடும். அதே மலைத்தொடரில் பிறந்து ஓடுகிற இன்னொரு ஆற்றுக்கு நாகநதி என்று பெயர். பக்கத்துப் பக்கத்தில் அமிர்தமும் பாம்பும்!

இந்த மலையில் பிறக்கும் செய்யாறு செங்கம் வழியாக இறங்குகிறது. அந்தச் செங்கம்தான் சங்க காலத்துச் செங்கண்மா. அதன் தலைவன் நன்னன். அவனைப் பாடியது 'மலைபடுகடாம்'. பத்துப்பாட்டில் பத்தாவது. 583 அடி. பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் கூத்தர் ஒருவர், எதிரே பசியோடு வருகிற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறார். 'இந்தப் பக்கம் பள்ளம் இருக்கு, பார்த்துப் போங்க. இங்கே பாம்பு இருக்கும். இந்தப் பக்கம் யானை வரும். இங்கே போனா சாப்பாடு கிடைக்கும்' என்கிற தொனி. மலையேறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கையேடு அந்தக் காலத்தில் வேறு இருந்திருக்காது. உ.வே.சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்ததால் நமக்குக் கிடைத்த புதையல் இது.

தலைப்பையே பாருங்கள். 'கடாம்' என்றால் யானையின் மதநீர். மலை ஒரு யானை. அதில் எழும் அருவிச் சத்தம், புனம் காப்பவர்களின் கூச்சல், வண்டுகளின் ரீங்காரம், விலங்குகளின் குரல் எல்லாம் அந்த யானையிடமிருந்து ஒழுகும் மதநீர். ஒரு போதைத் திரவத்தின் பெயரைத் தலைப்பாக வைத்துவிட்டு, அந்தத் திரவம் சத்தம்தான் என்கிறார் கவிஞர். நாவில் விட வேண்டியதைக் காதில் விடுகிறார். எனக்குத் தெரிந்து மந்திர பானத்துக்கு இதைவிட அழகான பெயர் எந்த மொழியிலும் இல்லை.

இந்த மலையில் ஒரு கடவுள் இருக்கிறார். நவிர மலை என்கிறது பாட்டு. போளூர் பக்கத்துப் பர்வதமலைதான் அது என்று பலரும் அடையாளம் காட்டுகிறார்கள். அந்தக் கடவுளின் பெயர் 'காரி உண்டிக் கடவுள்'. காரி என்றால் விஷம். கார் என்ற கறுப்பிலிருந்து வந்த பெயர். விஷத்தைச் சாப்பாடாகக் கொண்ட சாமி. பாற்கடலைக் கடைந்தபோது முதலில் வந்த நஞ்சைக் குடித்த சிவன் என்று எடுத்துக்கொள்கிறோம்.

கதையில் அமிர்தம் குடித்தவர்கள் நிறையப் பேர். வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள், ஒருத்தன் ஏமாற்றி உள்ளே புகுந்து குடித்துத் தலையை இழந்தான். மலைமேல் கோயில் கட்டுவதற்கு இந்த மக்களுக்கு அவர்களில் ஒருவரும் தேவைப்படவில்லை. விஷம் குடித்தவர்தான் தேவைப்பட்டார்!

ஔவையாருக்கும் இதே கணக்குதான். அதியமான் அவருக்குச் சாகாமலிருக்கச் செய்யும் நெல்லிக்கனியைக் கொடுத்த கதை உங்களுக்குத் தெரியும். அவன் தகடூர்க்காரன், இன்றைய தருமபுரி. ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம். புறநானூறு 91-ம் பாட்டில் ஔவை அவனை எப்படி வாழ்த்துகிறார் தெரியுமா? நீல நிறக் கழுத்துக்காரனைப் போல நிலைத்து இரு என்கிறார். சாகா மருந்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொடுத்தவனை, விஷத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டவனோடு சேர்த்து வைக்கிறார். அமிர்தம் குடித்த தேவர்கள் ஒப்பீட்டுக்குக்கூட வரவில்லை.

மலைபடுகடாமில் கூத்தர்களுக்கு என்ன குடிக்கக் கொடுக்கிறார்கள்? தேனிலிருந்து செய்து மூங்கில் குழாயில் ஊற்றி விளையவைத்த தேறல். அப்புறம் நறவு. இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக மோந்து பாருங்கள்.

தேறல் என்பது தெளிவு. வண்டல் அடியில் தங்கி மேலே தெளிந்து நிற்பது. பரீட்சையில் 'தேறினான்' என்கிறோமே, உடம்பு 'தேறிடுச்சு' என்கிறோமே, துக்க வீட்டில் 'தேறுதல்' சொல்கிறோமே, எல்லாம் அந்தக் குடும்பம்தான். குடித்தவர் எப்படியோ, குடிக்கப்பட்டது தெளிவாக இருந்தது! நறவு வாசனை. நறுமணத்தின் 'நறு'. இன்னொன்று 'மகிழ்'. பழந்தமிழில் மகிழ் என்றால் கள்ளும் உண்டு, கள்ளால் வரும் மயக்கமும் உண்டு, சந்தோஷமும் உண்டு. இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகையில் 'மகிழ்ச்சியுடன் அழைக்கிறோம்' என்று அச்சடிக்கிற அத்தனை பேர் வீட்டுச் சொல்லிலும் ஒரு சொட்டுக் கள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தெளிவு, வாசனை, சந்தோஷம். மூன்று பெயரிலும் மந்திரம் இல்லை. கண்ணும் மூக்கும் மனசும் பார்த்து வைத்த பெயர்கள். இதைக் குடித்தால் பறக்கலாம், சாகமாட்டாய் என்று 583 அடியில் மலைக்காரர்கள் யாரும் விற்பனைப் பேச்சுப் பேசவில்லை.

இந்தப் பாட்டை இன்றைக்கு மூன்று ரகமாகப் படிக்கிறார்கள். முதல் ரகம், ஹோட்டல் மெனு கார்டாகப் படிப்பவர்கள். தினை, மூங்கிலரிசி, பலாக்கொட்டை, உடும்பு என்று பட்டியல் எடுப்பார்கள். இரண்டாவது, 'அந்தக் காலத்துலேயே நாம ஒயின் பண்ணியிருக்கோம் சார்' என்று காலரைத் தூக்குபவர்கள். மூன்றாவது, 'ஏதோ ஒருவகைப் பானம்' என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த அடிக்கு ஓடுபவர்கள். மூவருமே குழாயைப் பார்க்கிறார்கள், அதை நீட்டிய கையைப் பார்ப்பதில்லை.

பாட்டு சொல்வது என்ன? அந்த மலைச் சிற்றூருக்குப் போனால் வாசலில் நின்று கேட்க வேண்டாம், சொந்த வீட்டுக்காரர்கள் மாதிரி உள்ளே போங்கள். நன்னனின் கூத்தர்கள் என்று தெரிந்தால் உறவுக்காரர்களைப் போல நடத்துவார்கள். வந்தவர்கள் யார், இதற்கு முன் பார்த்திருக்கிறோமா, ஒன்றும் கிடையாது. வயிறு நிறையச் சாப்பாடு. குறைவில்லாமல் தேறல். மறுநாள் காலை தலை கனக்குமே, அதற்குக்கூட வைத்தியமாக ஒரு விருந்து! முன்பின் தெரியாதவனை ஒரே இரவில் சொந்தக்காரனாக்குகிற பானத்தை மந்திர பானம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஆனால் மந்திரம் தேனில் இல்லை, மூங்கிலில் இல்லை. வீட்டில் இருப்பதை வந்தவனோடு சேர்ந்து குடித்ததில் இருக்கிறது.

இதற்குச் சாட்சியாக ஒரு ராஜாவைக் கூப்பிடலாம். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் மாண்டவர் என்பது பெயரிலேயே இருக்கிறது. புறநானூற்று 182-ம் பாட்டு இவருடையது. இந்த உலகம் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பதில் சொல்கிறார். இந்திரர்களின் அமிழ்தமே கைக்குக் கிடைத்தாலும் 'ஆஹா, இனிக்கிறதே' என்று தனியாக உட்கார்ந்து சாப்பிடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள், அதனால்தான் இருக்கிறது என்கிறார்.

வள்ளுவர் 82-வது குறளில் இதையே இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். விருந்தாளி வெளியே காத்திருக்கும்போது, சாவா மருந்தாகவே இருந்தாலும் தனியாகச் சாப்பிடுவது வேண்டத்தக்கதல்ல. 'சாவா மருந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். சமஸ்கிருதத்தில் 'அ' என்றால் இல்லை, 'ம்ருத' என்றால் செத்தது. அம்ருதம் என்றால் சாவில்லாதது. கிரேக்க தேவர்கள் சாப்பிட்ட அம்ப்ரோசியாவும் இதன் ஒன்றுவிட்ட சகோதரி. அந்த அர்த்தத்தை அப்படியே தமிழில் இறக்கி வைத்தால் 'சாவா மருந்து'. இறக்கி வைத்த கையோடு, 'விருந்தாளி இல்லாமல் இது வேண்டாம்' என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிடுகிறார். உலகத்தில் எந்த ரசவாதியும் அமிர்தத்தைக் கண்டுபிடிக்கத்தான் அலைந்தான். கையில் கிடைத்ததை எப்போது குடிக்கக் கூடாது என்று சொன்னவர் இவர்.

'அமிழ்தம்' எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய சண்டை உண்டு. வடமொழி அம்ருதத்திலிருந்து வந்தது என்பது பெரும்பாலான மொழியியலாளர்கள் பக்கம். இல்லை, 'அவிழ்' என்ற சோற்றுப் பருக்கையிலிருந்து பிறந்த தமிழ்ச் சொல் என்பது தனித்தமிழ் அறிஞர்கள் சிலரின் பக்கம். என் ஓட்டு முதல் பக்கம்தான். ஆனால் இரண்டாவது கட்சிக்கு அந்த யோசனை வந்ததே ஒரு நல்ல விமர்சனம். பாற்கடல் சரக்கைப் பார்த்தால் அவர்களுக்கு ஏன் சோறு ஞாபகம் வந்தது? ஏனென்றால் தமிழில் அமுது என்றால் நிஜமாகவே சோறு.

கோயில் கல்வெட்டுகளில் சாமிக்குப் படைக்கும் எல்லாமே அமுதுதான். நெய்யமுது, தயிரமுது, கறியமுது, அடைக்காயமுது. உப்புகூட உப்பமுது! பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் மழை இரவில் வந்த அடியாருக்காக, விதைத்த நெல்லை வயலிலிருந்து திரும்ப வாரிக்கொண்டு வந்து ஆக்கிப் போட்டாரே, அதுவும் அமுதுதான். அடியார்கள் 'சாப்பிட' மாட்டார்கள், 'அமுது செய்வார்கள்'. வைணவர் வீட்டுச் சமையலறையில் இன்றைக்கும் ரசத்துக்குச் சாத்தமுது என்றுதான் பெயர், சாற்றமுது. பாயசம் திருக்கண்ணமுது. தேவர்களும் அசுரர்களும் மலையை மத்தாக நட்டு, பாம்பைக் கயிறாகச் சுற்றி, அடித்துப் பிடித்துக் கடைந்தெடுத்ததை, நம் பாட்டிகள் புளியும் மிளகும் பருப்புத் தண்ணியும் சேர்த்து அடுப்பிலேயே இறக்கிவிட்டார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்பது பாதி வரலாறு. வந்த பிறகு அது யார் இலையில் பரிமாறப்பட்டது என்பது மீதி.

சோமபானத்துக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. சோமம் என்றால் பிழிந்தது. பழைய ஈரானியர்களிடம் இதுவே 'ஹவ்மா'. ரிக் வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதும் இதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது எந்தச் செடி என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. 1968-ல் கார்டன் வாசன் என்ற அமெரிக்கர் 'அது சிவப்புக் காளான்' என்று புத்தகமே போட்டார். மற்றவர்கள் ஒப்பவில்லை. வேத காலத்தவர்களுக்கு சோமம் வேறு, சாராய வகையான சுரா வேறு. நாம் இரண்டையும் ஒரே கிளாஸில் ஊற்றிக் கலக்கிவிட்டோம். ஜோக் எழுதுகிறவர்கள் மாமனார் குடிக்கும் விஸ்கியைச் சோமபானம் என்கிறார்கள். செடி தொலைந்து பெயர் மட்டும் மிஞ்சினால் எந்த பாட்டிலிலும் ஒட்டலாம்.

பெயர் ஒட்டும் வேலையில் உலகம் முழுக்க ஒரே தந்திரம்தான். 'எலிக்ஸிர்' என்ற ஆயுள் பானத்தின் பெயர் அரபி வழியாக வந்தது. அதன் கிரேக்க மூலம் காயத்தில் தூவும் உலர்ந்த பொடி! 'ஆல்கஹால்' அரபியில் கண்ணுக்குத் தீட்டும் மை. நம்ம ஊரிலும் வசியத்துக்கு மைதான். 'அரக்' என்றால் அரபியில் வியர்வை. வடிக்கும்போது சொட்டுச் சொட்டாக வருவதால் அந்தப் பெயர். விஸ்கி என்பது ஸ்காட்லாந்து, அயர்லாந்து மொழிகளில் 'உயிர்த் தண்ணீர்'. வோட்கா ரஷ்ய மொழியில் 'குட்டித் தண்ணீர்'. நம்ம ஆள் 'தண்ணி போட்டிருக்கான்' என்று சொல்லும்போது தெரியாமலே ரஷ்யனோடு கைகுலுக்குகிறான். அப்புறம் 'சரக்கு'. சித்த வைத்தியத்தில் மருந்துக்கான மூலப்பொருள்தான் சரக்கு. அதைச் சுத்தி செய்யாமல் உபயோகிக்கக் கூடாது என்பது வைத்தியரின் முதல் பாடம். சரக்கு என்ற பெயரை எடுத்துக்கொண்டவர்கள் சுத்தியை விட்டுவிட்டார்கள்.

இனிமேல் சிரிக்க முடியாத பகுதி.

'மது' சமஸ்கிருதத்தில் தேன், தேனில் செய்த இனிப்பான பானம். ஆங்கிலத்தில் தேன் கள்ளுக்கு 'மீட்' என்று பெயர், இதே வேர். கிரேக்கத்தில் 'மெது', அதுவும் இதே வேர், மதுதான். 1830-களில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் டூமாவும் பெலிகோவும் மரத்தைச் சூடாக்கி வடிக்கும் ஒரு சாராயத்தை ஆராய்ந்தார்கள். அதற்காகக் கிரேக்க 'மெது'வையும், மரம் என்ற பொருள் தரும் 'ஹூலே'வையும் சேர்த்து ஒரு பெயர் கட்டினார்கள். அதிலிருந்து மெத்தில் வந்தது. மெத்திலிலிருந்து மெத்தனால்.

ஆக, மதுவும் மெத்தனாலும் ஒரே குடும்பம். மலைபடுகடாமின் மூங்கில் குழாய்த் தேறலும் தேனில் விளைந்ததுதான். பார்வைக்கு மெத்தனாலும் தெளிவாகத்தான் இருக்கும். தேறல் மாதிரியே.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மெத்தனால் கலந்த சாராயம். ஜவ்வாது மலைக்குத் தெற்கே, அடுத்த மலையான கல்வராயன் மலை அடிவாரத்து மாவட்டம் அது. கூலி வேலை செய்து களைத்தவர்கள், உடம்பு வலி போக வேண்டும் என்று கையிலிருந்த கொஞ்சம் காசுக்குக் குடித்தவர்கள். பார்வை போனவர்களும் உண்டு. 'மருந்து' என்ற சொல்லின் முதல் அர்த்தத்தைத் தேடிப் போனவர்களுக்கு இரண்டாவது அர்த்தம் கிடைத்தது.

'குடிச்சா அப்படித்தான்' என்று நம்மில் பலர் பேப்பரை மடித்து வைத்தோம். கள்ளுண்பவர் நஞ்சுண்பவர் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று 926-வது குறளைத் துணைக்குக் கூப்பிட்டவர்களையும் பார்த்தேன். வள்ளுவர் குடிப்பவனைத் திருத்தச் சொன்ன வார்த்தை அது. செத்தவனைக் கைகழுவச் சொன்னதல்ல. அதே வள்ளுவர் 82-வது குறளையும் எழுதியிருக்கிறார். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் எப்படி?

இந்தச் சாவுகளையும் அந்தப் பழைய பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலைபடுகடாமில் கொடுத்தவரும் குடித்தார், வந்தவரும் குடித்தார், ஒரே வீட்டுச் சரக்கு. கொடுத்தவரின் முகம் தெரியும், ஊர் தெரியும். கருணாபுரத்தில் குடித்தவர்களுக்கு அந்த மெத்தனால் எங்கிருந்து, யார் கை மாறி வந்தது என்று தெரியாது. அதை விற்றவர்களுக்கு அது காசு பார்க்கும் சரக்கு மட்டும்தான். எத்தனை மொழியில் எத்தனை பெயர் வைத்தாலும் ஒரு பானத்தை அமுதா நஞ்சா என்று பிரிப்பது இந்த ஒரு விஷயம்தான் என்று தோன்றுகிறது. கொடுப்பவர் உங்கள் கூட உட்கார்ந்து குடிப்பாரா?

செய்யாற்றுக் கரையில் கடலாடி முதலான ஊர்களில் கரைகண்டேஸ்வரர் என்ற பெயரில் சிவன் கோயில்கள் இருக்கின்றன. ஏழு என்று கணக்குச் சொல்கிறார்கள். கறைக்கண்டம் என்றால் கறை படிந்த கழுத்து. விஷத்தை அடுத்தவருக்கு ஊற்றிக் கொடுக்காமல் தன் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டவரின் கழுத்து. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் காரி உண்டிக் கடவுள் என்று பெயர் வைத்த அதே வட்டாரம்தான்.

அடுத்த தடவை ஜமுனாமரத்தூர் போகிறவர்கள் மலைபடுகடாமின் எளிய உரை ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள். சங்கத் தமிழ் என்று பயப்பட வேண்டாம். வழிகாட்டிப் புத்தகம் மாதிரித்தான் இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தால் சத்தமாகவே படியுங்கள். தனியாகப் படிக்கிற பாட்டு இல்லை அது.